சங்கத்தின் சர்க்கரை தொண்ணூற்று மூன்று

சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரிய சங்கங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்துவிட்டு, மூன்றாம் நாள் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய சங்கங்களுக்குக்கூட கெட்டி அட்டை போட்ட வரலாறு இருக்கிறது. நெடுங்கரைப்பாளையம் வெல்ல மண்டிச் சுமைதூக்குவோர் சங்கத்துக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைசிவரை விலைபோகாத சங்கம் அது. வாங்குவதற்கு யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். தலைவர் குப்பண்ணன். அவர் எது சொன்னாலும் வழிமொழிவதற்குத் துணைத்தலைவர் பொன்னுரங்கம். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர் என்பதால் அய்யாவு செயலாளர். பழைய நடவடிக்கைக் குறிப்புகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த வெள்ளியங்கிரி பொருளாளர். மிச்சமிருந்த மாசாணத்துக்கு மிச்சமிருந்த துணைச்செயலாளர் பதவி. சாதாரண உறுப்பினர் என்று யாருமே இல்லை. அதனால் கூட்டங்களில் நல்ல ஒழுங்கு இருந்தது.

மண்டியில் மூட்டை தூக்க வேண்டுமானால் கையில் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை கட்டியிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்து, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் பில்லை மறுபடி கைக்கு வரும். அந்த வருஷம் நாலு பேருக்குக் கையெழுத்து கிடைத்துவிட்டது. மாசாணத்தின் தாளில் மட்டும் சர்க்கரை என்ற இடத்துக்கு நேரே நூற்றாறு என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தது. எழுபதிலிருந்து நூறு வரை இருக்கலாம் என்று அதே வரியில் அச்சடித்திருந்தது.

மாசாணம் இருபத்திரண்டு வருஷமாக ஏழாம் நம்பர் பில்லை கட்டியவர். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் அந்த ஏழாம் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மண்டி கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை.

டாக்டர் ஜெசிந்தா பொறுமைசாலி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணா. கொஞ்சம்தான் கூடியிருக்கு. தூக்கம் கெட்டாக் கூடும், காய்ச்சல் இருந்தாக் கூடும். ஒரு தடவை கூடினா நோய்னு அர்த்தமில்லை. இன்னொரு தடவை பாக்கணும்னுதான் அர்த்தம்."

"எத்தனை கூடியிருக்குதுங்க?"

"ஆறு."

"ஆறு கிலோங்களா?"

"மில்லிகிராம்."

மாசாணம் யோசித்தார். "முப்பது கிலோ சிப்ப மூட்டை ரெண்டை ஒண்ணாத் தூக்குறவனுங்க நானு. இந்த ஆறு மில்லியைத் தூக்க மாட்டனுங்களா?"

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். "அன்னிக்கு வெறும் வயித்துலதான வந்தீங்க?"

"சத்தியமாங்க. ஒரு துண்டு வெல்லம் மட்டும் வாயில இருந்துச்சு. முழுங்கலைங்க. கன்னத்துல ஒதுக்கித்தான் வெச்சிருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எண்ணிச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணியைத் தவிர எதுவும் வேண்டாம். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு இங்க வந்து ரத்தம் குடுங்க. அதுவரைக்கும் வெல்லத்தை விட்டுத் தள்ளியே இருங்க. சரிங்களா?"

சரி என்று மாசாணம் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் போதுமா? அன்று மத்தியானமே எடைமேடை மேல் அவசர நிர்வாகக் குழு கூடியது.

"முதல் கேள்வி. இந்தச் சக்கரை தோழருடைய உடம்புக்குள்ள எந்த வழியாப் போச்சு?" என்றார் குப்பண்ணன்.

"வாய் வழியாப் போயிருக்க முடியாதுங்க. கன்னத்துலதான் நின்னுச்சுன்னு அவரே வாக்குமூலம் குடுத்திருக்கறார்" என்றார் அய்யாவு.

"அப்பறம்?"

"தோள் வழியாத்தான். இருபத்திரண்டு வருஷமா வலது தோள்ல வெல்லச் சிப்பம். வேர்க்குது, வெல்லம் இளகுது, உள்ள எறங்குது."

மாசாணத்தின் சட்டையைக் கழற்றி வலது தோளைப் பொன்னுரங்கம் நக்கிப் பார்த்தார். கொஞ்சம் உப்பாக இருப்பதாகத் தெரிவித்தார்.

"அதுதான் ஆதாரம். சக்கரை உள்ள போயி உப்பு வெளிய தள்ளப்பட்டிருக்கு" என்றார் அய்யாவு.

டாக்டரம்மா வெல்லத்தை விட்டுத் தள்ளியிருக்கச் சொன்னார், ஆனால் எத்தனை அடி என்று சொல்லவில்லை. இதில் மட்டும் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. மூன்றடி என்றார் வெள்ளியங்கிரி. மூன்றடிக்கு வாசனை வரும் என்றார் குப்பண்ணன். முடிவில் இருபதடி என்று தீர்மானம் நிறைவேறியது. பில்லை இல்லாமல் தூக்கத்தான் கூடாது, இழுக்கக் கூடாது என்று விதியில்லை. வேலையையும் விடக்கூடாது, தூரத்தையும் விடக்கூடாது என்பதால் சிப்பத்தை இருபதடிக் கயிற்றில் கட்டி, மறுமுனையைத் தோளில் போட்டு மாசாணம் இழுத்துப் போவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை மண்டி வாசலிலிருந்து லாரி வரைக்கும் மாசாணம் இழுத்துப் போனார். லாரிக்குக் கயிறு போய்ச் சேர்ந்தது, சாக்கும் போய்ச் சேர்ந்தது. வெல்லம் மட்டும் வழிநெடுகக் கிடந்தது. அதன் பின்னால் ஏழு ஆடுகள் வரிசையாக, தள்ளுமுள்ளு இல்லாமல் வந்தன. கோஷம் போடாமல் இவ்வளவு கட்டுப்பாடான ஊர்வலத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று குப்பண்ணன் ஒரு நிமிடம் நெகிழ்ந்து நின்றார். சரக்குக்குச் சொந்தக்காரர் அப்படி நெகிழவில்லை.

"இது மருத்துவத்துல தீராதுங்க. பேச்சுவார்த்தையிலதான் தீரும்" என்றார் அய்யாவு.

அவர் ராத்திரியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை காலை ஐந்து பேரும் தூதுக்குழுவாக டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்கள். நாற்காலி இரண்டுதான் இருந்தது. ஒற்றுமை குலையக் கூடாது என்று யாரும் உட்காரவில்லை.

அய்யாவு தாளை எடுத்துப் படித்தார். "மாசாணம் நூத்தாறு. குப்பண்ணன் தொண்ணூத்திரண்டு. பொன்னுரங்கம் எண்பத்தெட்டு. வெள்ளியங்கிரி தொண்ணூத்தஞ்சு. அய்யாவு ஆகிய நான் எண்பத்திநாலு. மொத்தம் நானூத்தி அறுபத்தஞ்சு. அஞ்சால வகுத்தா தொண்ணூத்தி மூணு. ஆகவே சங்கத்தின் சக்கரை தொண்ணூத்தி மூணு. அளவுக்குள்ள இருக்குதுங்க. கையெழுத்துப் போடுங்க."

"சங்கத்துக்கு நான் ரத்தம் எடுக்கலையே."

"தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கறதுதாங்க எல்லா நிர்வாகமும் செய்யற சூழ்ச்சி" என்றார் குப்பண்ணன். கோபமில்லாமல், ஒரு வருத்தத்தோடுதான் சொன்னார்.

"ரத்தம் அவரவர் உடம்புல தனித்தனியாத்தாங்க ஓடுது. நான் பிரிக்கலை."

தூதுக்குழு ஒரு மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு மாற்றுக் கோரிக்கையோடு திரும்பி வந்தது.

"சரிங்க" என்றார் அய்யாவு. "எழுபதுல இருந்து நூறு வரைக்கும்னு போட்டிருக்கறீங்க. கீழ எழுபதுல இருந்து எண்பது வரைக்கும் சும்மாக் கெடக்குது. எங்க ஆளுக யாரும் அங்க இல்லை. அந்தப் பத்தை அப்படியே எடுத்து மேல போட்டுக் குடுத்துருங்க. எண்பதுல இருந்து நூத்திப்பத்து. உங்களுக்கும் நட்டமில்லை."

"வழிமொழிகிறேன்" என்றார் பொன்னுரங்கம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரசாங்க உத்தியோகத்தில் ஒன்பது வருஷம் கழித்தவர். எங்கே சிரிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். "அந்த அளவை நான் போடலீங்கண்ணா. மாத்தவும் முடியாது. இத்தனை கஷ்டமெல்லாம் எதுக்கு? ஒரு ராத்திரி சாப்பிடாம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

குப்பண்ணன் முகம் மலர்ந்தது. "சாப்பிடாம இருக்கறதா? அதை முதல்லயே சொல்லக் கூடாதுங்களா டாக்டரம்மா. அது எங்க தொழிலுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி எதிரில் பந்தல் எழும்பிவிட்டது. நடுவில் கொடி. மேலே துணித் தட்டி: 'மாசாணத்தின் ரத்தம் காக்க மாபெரும் உண்ணாவிரதம்.' சாப்பிடாமல் இருக்கச் சொன்னது மாசாணத்தை மட்டும்தான். ஆனால் ஒரு தோழரைத் தனியே பட்டினி போட்டுவிட்டு மற்றவர்கள் சாப்பிடுவது எந்தச் சங்கத்தில் நடக்கும்? நடந்த சங்கங்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. இந்தச் சங்கத்தில் நடக்கவில்லை. ஐவரும் உட்கார்ந்தார்கள்.

பந்தலைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்னய்யா கோரிக்கை?"

"ஆறுங்க" என்றார் குப்பண்ணன்.

"ஆறு கோரிக்கையா?"

"ஒரே கோரிக்கைதாங்க. அந்த ஆறு போகணும்."

ஆறாம் நம்பர் பஸ்ஸைப் பற்றிய தகராறு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ராத்திரி எந்தக் குறையும் இல்லாமல் கழிந்தது. ஐவரும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. டாக்டரம்மா சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த ஒரே ராத்திரி அதுதான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார்.

"தலைவரே, பழரசம் யார் குடுக்கறாங்க?"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். பந்தல், கொடி, தட்டி எல்லாம் யோசித்தவர்கள் இதை மறந்துவிட்டிருந்தார்கள். உண்ணாவிரதம் என்றால் ஊரில் மதிப்புள்ள ஒருவர் வந்து பழரசம் கொடுத்து முடித்து வைக்க வேண்டும். அப்படி முடிக்காத உண்ணாவிரதம் முடிந்ததாகவே ஆகாது.

"எடைக்கல் போராட்டத்துல பழரசம் இல்லாம எந்திரிச்சுப் போயிட்டோம். ஞாபகம் இருக்குதுங்களா? அந்த உண்ணாவிரதம் முடிஞ்சதா இன்னிவரைக்கும் குறிப்புல பதிவாகலை. சட்டப்படி பாத்தா நாம அஞ்சு பேரும் பதினேழு வருஷமாப் பட்டினி" என்றார் வெள்ளியங்கிரி.

"அதுதான் எனக்கு எவ்வளவு தின்னாலும் பத்தறதில்லை" என்றார் பொன்னுரங்கம்.

மாசாணம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க தலைவரே, ரத்தத்தைக் குடுத்துட்டு வந்து பழரசம் குடிச்சா ஆகாதுங்களா? ஒரு சந்தேகந்தான்."

அய்யாவு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரத்தம் குடுக்கறது தனிப் போராட்டம் தோழர். ஒரு போராட்டத்தை முறைப்படி முடிக்காம இன்னொண்ணுல எறங்கக் கூடாது. எறங்குனவங்க கதியெல்லாம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

மாசாணத்துக்குத் தெரியாது. ஆனாலும் தெரியும் என்று தலையாட்டினார்.

அந்த நேரத்தில் மதிப்புள்ளவர் என்று பார்த்தால் ஆஸ்பத்திரிக் காவலாளிதான் இருந்தார். காக்கிச் சட்டை, தோளில் பட்டை. போதும் என்று முடிவாயிற்று. பொன்னுரங்கம் ஓடிப்போய் ஒரு செம்பு சாத்துக்குடிச் சாறு வாங்கி வந்தார். புளித்தது. தோழர் மாசாணம் முகம் சுளித்தால் பார்க்கிறவர்கள் போராட்டம் தோல்வி என்று நினைப்பார்களே என்று இரண்டு கை நாட்டுச்சர்க்கரையை அதில் போட்டுக் கலக்கினார். காவலாளி எச்சிலை விழுங்கிக்கொண்டே கொடுத்தார். மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு மடக்கு. கோரிக்கை மாசாணத்துடையது என்பதால் மீதிச் செம்பு முழுக்க அவருக்கு. மணி ஆறரை.

ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். எட்டரைக்குத் தாள் வந்தது. நூற்று முப்பத்தொன்பது.

மாசாணம் தாளை நீட்டினார். தாளை வாங்கி அய்யாவு பார்த்தார், குப்பண்ணன் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குப்பண்ணன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பந்தல் நடுவில் ஏறி நின்றார்.

"தோழர்களே, போராட்டத்துக்கு முன்னால நூத்தாறு. போராட்டத்துக்குப் பின்னால நூத்தி முப்பத்தொன்பது. முப்பத்தி மூணு கூடியிருக்கு. மூணு மாசம் வேலைநிறுத்தம் பண்ணுன பெரிய பெரிய சங்கமெல்லாம் ரெண்டும் மூணும் வாங்கிட்டு வந்தாங்க. நாம ஒரே ராத்திரியில முப்பத்தி மூணு வாங்கியிருக்கறோம்."

"வழிமொழிகிறேன்" என்றார் பொன்னுரங்கம், அழுதுகொண்டே.

"நாம கொறைக்கத்தான கேட்டோம்?" என்றார் மாசாணம்.

"ஆறு கொறைக்கச் சொன்னோம், முப்பத்தி மூணு சேத்திக் குடுத்துட்டாங்க. கேட்டதுக்கு மேல குடுத்தா வேண்டாம்னு சொல்றதா?" என்றார் அய்யாவு.

பட்டாசு வெடித்தது. லட்டு வந்தது. மாசாணத்துக்கு மாலை விழுந்தது. மாலைக்குள்ளிருந்து அவர் ஆஸ்பத்திரி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் பில்லை வேறு ஆளுக்குப் போக இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

பட்டாசுச் சத்தம் கேட்டு டாக்டர் ஜெசிந்தா வெளியே வந்தார். பந்தலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், செம்பை முகர்ந்தும் பார்த்தார். காவலாளி தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"மாசாணம் அண்ணா மட்டும் உள்ள வாங்க" என்றார் டாக்டர். "மத்தவங்க யாரும் சாயங்காலம் வரைக்கும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது."

தன் அறைக்குள் ஒரு பெஞ்சில் மாசாணத்தை உட்கார வைத்தார். "கையைத் திறங்க."

கையில் ஒரு லட்டு இருந்தது. அதை வாங்கிக்கொண்டார். "கன்னம்?" மாசாணம் வாயைத் திறந்து இரண்டு கன்னத்தையும் காட்டினார். காலி.

"அந்தச் செம்புக்கு அப்பறம் ஒண்ணும் சாப்பிடலையே?"

"இல்லீங்க. லட்டு இனிமேத்தான்."

"நல்லது. மூணு மணி வரைக்கும் தண்ணி மட்டும். இங்கயே, என் கண்ணு முன்னாடியே இருக்கறீங்க."

மாசாணம் உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது, நாய்க்கடி வந்தது, எல்லோரும் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே? எனக்கு இந்தத் தோளைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"ஒண்ணும் ஆகாது. கன்னத்துல வெல்லம் வெக்காதீங்க, போதும். வருஷா வருஷம் பாத்துக்கலாம்."

"அவங்க நல்லவங்கதாங்க. எனக்காகத்தான் பட்டினி கெடந்தாங்க."

"தெரியுதுங்கண்ணா. அதனாலதான் கேட்டுக்கு வெளிய வெச்சிருக்கறேன்."

மூன்று மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். நாலேகாலுக்குத் தாள் வந்தது. தொண்ணூற்று நாலு. நட்சத்திரம் இல்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்கு மாசாணம் மண்டிக்கு ஓடி ஏழாம் நம்பர் பில்லையை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார். கட்டின கையோடு எடைமேடைக்கு வந்து தோழர்களிடம் தாளைக் காட்டினார்.

அய்யாவு வாசித்தார். முகம் கறுத்தது.

"தொண்ணூத்தி நாலா? காலையில நூத்தி முப்பத்தொன்பது வாங்கி மாலை போட்டு அனுப்புனோம். நாப்பத்தஞ்சு எங்க?"

"உள்ள என்ன நடந்துச்சு தோழர்?" என்றார் குப்பண்ணன்.

"ஒண்ணும் நடக்கலீங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

"நிர்வாகத்தோட அறையில. கதவு சாத்தியிருந்துச்சா?"

"பாதி சாத்தியிருந்துச்சுங்க."

"எத்தனை நேரம்?"

"ஏழு மணி நேரம்."

குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பாதி சாத்திய அறைக்குள் ஏழு மணி நேரம் நிர்வாகத்தோடு தனியாக உட்கார்ந்துவிட்டு, வரும்போது பில்லையோடு வந்திருக்கிறார். ஐந்து பேர் பட்டினி கிடந்து வாங்கிய நாற்பத்தைந்து உள்ளேயே போய்விட்டது. இதற்கு என்ன பெயர் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னையும்தான் யாரும் கேட்க வேண்டாம். அதைவிடக் குறைந்த நேரத்தில் அதைவிடப் பெரியதை உள்ளே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்றைக்கு முச்சந்தியில் சிலை இருக்கிறது.

துணைச்செயலாளர் மாசாணத்தைக் கண்டித்து உடனடி ஆர்ப்பாட்டம் என்று தீர்மானம் வந்தது. நிர்வாகக் குழுவின் ஒற்றுமையைக் காக்க வேண்டும் என்பதால் மாசாணமும் கை தூக்கினார். ஏகமனதாக நிறைவேறியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சங்கத்தில் கோஷம் எழுப்பத் தொண்டை உள்ளவர் மாசாணம் ஒருவர்தான். குப்பண்ணனுக்கு இருமல், பொன்னுரங்கத்துக்கு வழிமொழிய மட்டும்தான் வரும். ஆகவே மாசாணமே கொடியைப் பிடித்து முன்னால் நின்றார்.

"திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு" என்று முழங்கினார். "நாப்பத்தஞ்சைத் திருப்பிக் கொடு. மாசாணமே, பதில் சொல்லு."

"பதில் சொல்லு" என்றார்கள் நால்வரும்.

மண்டியே கூடி வேடிக்கை பார்த்தது. அரை மணி நேரம் போன பிறகு குப்பண்ணன் கையை உயர்த்தினார். எந்தப் போராட்டத்திலும் பேச்சுவார்த்தைக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்றார். பக்குவமாகப் பேசக்கூடியவர், எதிர்த்தரப்பின் குணம் தெரிந்தவர் ஒருவர் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் அதற்கும் மாசாணம்தான்.

மாசாணம் கொடியைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்துவிட்டு, வெல்லச் சிப்ப அடுக்குக்குப் பின்னால் தனியாகப் போனார். பத்து நிமிடம் அங்கிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. முதலில் தணிவாக, அப்புறம் கொஞ்சம் சூடாக. தோழர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கொடியை வாங்கிக்கொண்டார்.

"என்ன ஆச்சு தோழர்?"

"நானும் ஆன மட்டும் பேசிப் பாத்துட்டேன் தலைவரே. ஆளு அசைய மாட்டேங்கறான். பில்லை கைக்கு வந்ததும் திமிரு வந்துருச்சு அவனுக்கு."